ஆறு லீவர் கிட்டார்

"அறுத்தாத்தான் உண்டு. வேற வழி இல்ல—"

"அறுக்கவா உன்கிட்டக் கொண்டாந்தேன்? உன் கையில ஒரு சாவி கிடக்கும்லன்னு—"

"கிடக்கும்லன்னா? என்னத்தக் கிடக்கும்ல?"

"செத்த முழுசாக் கேளு மாப்ளே—"

"கேக்க என்ன இருக்கு? வித்த பூட்டுக்குப் பூட்டுக்காரன் வீட்டுலயே ஒரு சாவி கிடந்தா அந்த வீட்டுக்கு என்ன பேரு பாய்? திருட்டு வீடு. என்னையப் பாத்துக் கேட்டுட்டேல்ல."

"திருடன்னா சொன்னேன்? தங்கச்சி, நீயே சொல்லு. நான் அப்படியா சொன்னேன்?"

தங்கச்சி என்று கூப்பிடப்பட்ட மாயம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. வைஸில் இறுக்கிய பித்தளைச் சாவியின் மேல் அரம் ஒரே சீராகப் போய்வந்துகொண்டிருந்தது. அரத்தை நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டி வரும். பதில் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை என்பதல்ல. இருந்தது, அதுதான் கஷ்டம்.

நல்லாம்பட்டியில் அவர்கள் பட்டறை வீட்டின் முன்னறைதான். கணவன் முத்துச்சாமி பூட்டு அடிப்பார், மாயம்மாள் அரத்தால் சாவி ராவுவாள். நாற்பது வருஷமாக அப்படித்தான். வெள்ளிக்கிழமைத் தொழுகையை முடித்துவிட்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல், பேகம்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தார் முகமது யாசின். இரண்டு ஆண்களுக்கும் நடுவில், பெஞ்சின் மேல், போர்வையில் சுற்றிக் கிடந்தது கிட்டார்.

"பிரிச்சு வாசிச்சுக் காட்டுறேன். கேட்டுட்டுக் கோவப்படு" என்றார் யாசின்.

போர்வை விலகியது. புதிதாகப் பார்க்கிறவர்கள் அதைக் கிட்டார் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மரம் என்று ஒரு துண்டு கிடையாது. பீரோத் தகட்டை அடித்து வளைத்து, மாங்காய்ப் பூட்டு ஒன்றைக் கோயில் கதவு அளவுக்கு இழுத்து நீட்டிய மாதிரி ஓர் உடம்பு. மேலே ஆறு கம்பிகள். கம்பியை முறுக்க ஆணிகள் கிடையாது. கம்பிகளின் வால்கள் தகட்டுக்குள் இறங்கி மறைந்துவிடும். மறையும் இடத்துக்குக் கீழே, சின்னப் பித்தளை மூடி போட்ட சாவித் துவாரம் ஒன்று.

யாசின் அதை மடியில் கிடத்திக்கொண்டார். வலது கையால் மீட்டி, இடது கையிலிருந்த உருண்டை இரும்பைக் கம்பிகளின் மேல் வழுக்கவிட்டார். இந்த வாத்தியத்தில் விரலால் கம்பியை அழுத்துகிற வேலை இல்லை. இரும்பு எங்கே போகிறதோ அங்கே ஆறு கம்பியும் சேர்ந்து பாடும்.

எல்லாக் கல்யாண வீட்டிலும் போடுகிற ஒரு மெட்டுத்தான் அது. ஆனால் கல்யாண வீட்டில் கேட்கிற மாதிரி வரவில்லை.

"கேட்டியா? 'வாங்க வாங்க'ன்னு கூப்புடுற பாட்டு. 'போயிட்டீகளே போயிட்டீகளே'ன்னு வருது. ஞாயித்துக்கிழமை ரெட்டியார்சத்திரத்துல இசைவாணி மகளுக்குக் கல்யாணம். எங்க கச்சேரியில இருவது வருஷம் பாடுன பொண்ணு. 'அண்ணே, நீங்க அந்தப் பூட்டுக் கிட்டாரைக் கொண்டாந்து ஒரு பாட்டாவது வாசிக்கணும்'னு கூப்புட்டுருக்கு. பொண்ணு மாப்பிள்ளையை உக்காரவச்சு மௌத்து வீட்டுப் பாட்டையா வாசிக்கச் சொல்றே?"

"சாவியைத் தொலைச்சது நீ."

"நான் தொலைக்கல. ஷாஹினா தொலைச்சா."

"சாவி அது பாட்டுக்குப் போயி அந்தம்மா கையில ஏறிக்கிருச்சா?"

யாசின் போனை எடுத்து, மனைவியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பெஞ்சின் மேல் வைத்தார்.

"ஷாஹினா, என் கச்சேரிக் கோட்டை வாங்கிட்டுப் போன ஆளு—"

"இன்னுமா கோட்டு? முப்பது வருஷமா பீரோவுல தொங்குச்சு. எடுத்துப் போட்டா தொப்பைக்கு மேல பொத்தான் சேராது. ஜரிகை வேற, கூத்துக்காரன் மாதிரி."

"பையில சாவி இருந்துச்சு."

"கிட்டார் சாவியைக் கிட்டாரோட வைக்கணும். கோட்டுப் பையில யாரு வைக்கச் சொன்னா?"

"எந்த ஊரு ஆளுன்னாச்சும் தெரியுமா?"

"பழைய துணிக்குப் பிளாஸ்டிக் சாமான்னு டெம்போவுல கத்திக்கிட்டு வந்தான். ஊரு பேரு கேட்டா வாளி வாங்குவாக? நல்ல கெட்டி வாளி. வேணும்னா அதைக் கச்சேரிக்குக் கொண்டுபோங்க, தட்டலாம். அண்ணி இருக்காகளா அங்கே? சாப்ட்டாகளான்னு கேட்டேன்னு சொல்லுங்க."

போன் அணைந்தது. முத்துச்சாமிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கோபத்தில் இருக்கிறவர் சிரித்தால் கோபம் செல்லாமல் போய்விடும் என்று மீசையைத் தடவி அடக்கிக்கொண்டார்.

"ரெண்டு சாவி குடுத்தேன் உனக்கு. ஒரு சாவியைப் பழனித் தைப்பூசக் கூட்டத்துல விட்டே. ரெண்டாவதை வாளிக்குப் போட்டாச்சு. மூணாவது சாவி என் பட்டறையில இன்னைக்கு வரைக்கும் எந்தப் பூட்டுக்கும் கிடையாது."

கடைசி வாக்கியத்தை மாயம்மாள் மனசுக்குள் கூடவே சொன்னாள். பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்வது அதுதான். சுற்றுவட்டாரத்தில் மூன்று கோயில் உண்டியலிலும், ஒரு பள்ளிவாசல் பெட்டியிலும், மாதா கோயில் காணிக்கை அறையிலும் அவர் பூட்டுத்தான் தொங்கியது. நல்ல பூட்டு யார் வேண்டுமானாலும் செய்வார்கள். அந்த வாக்கியத்துக்காகத்தான் அவரிடம் வந்தார்கள்.

அதற்கு ஒரு முறையும் இருந்தது. பூட்டுச் செய்யும்போது முதலில் ஒரு சாவியை ராவிப் போட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். அது சரியாக அமைந்த பிறகு, அதைப் பார்த்து இரண்டு சாவிகள். பூட்டை ஒப்படைக்கிற அன்றைக்கு, வாங்குகிறவர் கண் முன்னால், அந்த முதல் சாவியைப் பட்டடைக் கல்லில் வைத்து உளியால் இரண்டாக வெட்டிவிட வேண்டும். வெட்டிய துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆள் பூட்டோடு கிளம்புவார்.

கிட்டாருக்கும் அப்படித்தான் செய்தார். யாசின் கண் முன்னால், ஒரே அடி.

அது எண்பத்தாறில். மணிக்கூண்டுப் பக்கம் ஒரு கச்சேரி. சந்தோஷப் பாட்டு முடிந்து சோகப் பாட்டுக்குப் போகிற நேரமெல்லாம் யாசின் குனிந்து ஒவ்வொரு கம்பியாக முறுக்கிக்கொண்டிருப்பார், கூட்டம் விசில் அடிக்கும். முத்துச்சாமி மேடை ஏறிப்போய்க் கேட்டாராம்: "ஆறு கம்பியை எதுக்குய்யா ஒவ்வொண்ணா முறுக்குறே? நாங்க ஒரே சாவியில பூட்டுக்குள்ள கிடக்குற ஆறு லீவரை ஆறு உயரத்துக்குத் தூக்குறோம்." அந்தப் பேச்சு நான்கு மாதத்தில் இந்த வாத்தியமாக வந்து நின்றது. உள்ளே ஒவ்வொரு கம்பியும் ஒரு லீவரில் மாட்டியிருக்கும். சாவி இல்லாதபோது லீவர்கள் படுத்திருக்கும், கம்பிகள் சோகத்துக்கு நிற்கும். சாவியைப் போட்டு ஒரு சுற்று, மணிப்பூட்டு மாதிரி உள்ளே 'டிங்' என்று கேட்கும். லீவர்கள் எழுந்து கம்பிகள் சந்தோஷத்துக்கு ஏறும். இன்னொரு சுற்றில் வாத்தியத்தின் முதுகு மூடி திறக்கும். எப்போதாவது கம்பி அறுந்தால் மாற்றுவதற்கு.

ஆக, சுருதி என்பது அந்தச் சாவியின் பற்களில் இருந்தது. ஒரு பல்லில் அரம் ஒரு தேய்ப்பு கூடப் போனால் ஒரு கம்பி இறங்கிப்போகும்.

"புதுசா ஒண்ணு ராவிப் பாரேன்" என்றார் யாசின்.

"அளவு இல்லாம? தப்புச் சாவி ஒண்ணு திரும்புச்சுன்னா உள்ள கள்ளப்பல்லு விழுந்து கடிச்சுக்கும். அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் திறக்காது. சாவியெல்லாம் முடிஞ்ச பெறகு கடேசியா நானேதான் அதை மாட்டினேன். பூட்டுக்காரன் புத்தி. பாட்டுப் பெட்டிக்கு எதுக்குடா கள்ளப்பல்லுன்னு அன்னைக்குத் தோணல."

"அன்னைக்கு எவ்வளவு பெருமையாச் சொன்னே. 'திருடனால வாசிக்க முடியாத கிட்டார் உலகத்துலயே இது ஒண்ணுதான்'னு."

"இப்ப உன்னாலயும் முடியல."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு பார்த்தால் பிரச்சினை அப்படியே இருந்தது.

முத்துச்சாமி எழுந்து தகடு அறுக்கிற கிரைண்டரை எடுத்து, வயரை உதறி, பிளக்கைச் செருகினார். சாக்கட்டியால் கிட்டாரின் ஓரத்தில், தகடு வளைந்து மடிகிற இடத்தில், ஒரு கோடு இழுத்தார்.

"இந்தா, இம்புட்டுத்தான். இதுக்குள்ள கையை விட்டு லீவரை ஏத்தி நிறுத்திருவேன். திரும்ப ஒட்டிரலாம். ஞாயித்துக்கிழமை வாசி."

"சத்தம்?" என்றாள் மாயம்மாள். அரம் நின்றிருந்தது.

முத்துச்சாமி சாக்கட்டியைக் கீழே வைத்தார். யாசின் சொன்னார்.

"சத்தம் போயிரும் தங்கச்சி. ஒரே தகடு, அறுப்பு ஒட்டு இல்லாம இழுத்துக் கட்டுனதாலதான் அது அப்படிப் பாடுது. அறுத்து ஒட்டுனா டின்னைத் தட்டுன மாதிரிக் கேக்கும். அப்புறம் சோகமும் வராது, சந்தோசமும் வராது."

கிட்டாரை ஒரு தடவை துணியால் துடைத்தார். அதற்குத் தேவையே இல்லை.

"இந்த ஒரு நாளைக்கு வாசிச்சுட்டா போதும். எனக்கும் எழுபத்தொண்ணு ஆச்சு, இடது கை முன்ன மாதிரி நிக்க மாட்டேங்குது. அறு மாப்ளே. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

சொன்னபடியே தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மாயம்மாள் கையில் ஒட்டியிருந்த பித்தளைத் தூளைச் சேலையில் துடைத்தாள். அவள் காலடியில் ஒரு பால்பவுடர் டின் இருந்தது. ராவும்போது அளவு தப்பிப்போன செல்லாச் சாவிகளை அதில் போடுவாள். வருஷத்துக்கு ஒரு தடவை பித்தளை எடைக்குப் போகும். போவதற்கு முந்தின நாள் அவள் டின்னுக்குள் கையை விட்டு, பார்க்காமலே, ஒரே ஒரு சாவியைத் தடவி எடுத்து மடியில் செருகிக்கொள்வாள். டின் காலியாகித் திரும்பியதும் அதை மறுபடி உள்ளே போடுவாள். முப்பத்தெட்டுத் தடவை அப்படி எடுத்துப் போட்டிருக்கிறாள்.

கிட்டாருக்கு முதல் சாவி ராவிய அந்தப் பதினோரு நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் மூன்று நாள் முத்துச்சாமிதான் ராவினார். சின்ன வயசிலிருந்தே தகடு அடித்த காது. பூட்டு விழுகிற சத்தம் தெரியும், கம்பி அரை இழை இறங்கியது தெரியாது. நாலாம் நாள் அடுப்படியிலிருந்து அவள் சொன்னாள், "அந்த மூணாங்கம்பி இன்னும் இறங்கணும்." அவர் சாவியை உள்ளே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயசு, சாவி ராவப் பழகி ஆறு மாசம். அதன் பிறகு முன்னறையில் யாசின் கம்பியை மீட்டுவார், முத்துச்சாமி "ராவிட்டு வாரேன்" என்று உள்ளே வருவார், அடுப்படியில் அவள் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கொடுப்பாள், அவர் எடுத்துக்கொண்டு வெளியே போவார். பதினோராம் நாள் ஆறு கம்பியும் சேர்ந்து நின்றபோது யாசின் முத்துச்சாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "உனக்குள்ள இப்படி ஒரு காதா மாப்ளே" என்றார். முத்துச்சாமி ஒன்றும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

ஒப்படைக்கிற அன்றைக்கு "அந்த முதச் சாவியைக் கொண்டா" என்று குரல் வந்தது. அவள் டின்னிலிருந்து, பார்க்க அதே மாதிரி இருந்த ஒரு செல்லாச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தன் கையால் முடித்த முதல் சாவியை வெட்டக் கொடுக்க மனசு வரவில்லை. வேறு யோசனை ஒன்றும் கிடையாது. அந்த வாக்கியத்தை நம்பி உண்டியல்கள் வரத் தொடங்கின பிறகுதான், தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் சொல்லுகிற நாள் தாண்டிப்போயிருந்தது.

கிரைண்டர் கிர்ரென்று சுற்றத் தொடங்கியது.

"நிறுத்துங்க" என்றாள்.

சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அவள் எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்தாள். டின்னுக்குள் கையை விட்டாள். எடுத்ததை முந்தானையில் துடைத்து யாசின் முன்னால் வைத்தாள்.

"இதைப் போட்டுப் பாருங்கண்ணே."

"ஏய், உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? கள்ளப்பல்லு விழுந்துரும்."

"விழாது. இதுக்கு விழாது."

முத்துச்சாமி சாவியை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பல் பல்லாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் கல்லுல வச்சு வெட்டினேனே."

"வெட்டுனது செல்லாச் சாவி. நான்தான் மாத்திக் குடுத்தேன்."

"இத்தன வருசமா…"

"இந்த டின்னுலதான் கிடந்துச்சு."

யாசின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கேட்டால் யாராவது வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தவர் மாதிரி, மெதுவாகச் சாவியை வாங்கித் துவாரத்தில் விட்டுத் திருப்பினார்.

டிங்.

இரும்பை வழுக்கினார். அதே மெட்டு. இந்தத் தடவை 'வாங்க வாங்க' என்றே கூப்பிட்டது. எதிர்வீட்டு வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இத்தனை நாள் திரும்பாமல் கிடந்தும் கம்பிகளில் ஒன்றுகூடப் பிசகவில்லை. மூன்றாவது கம்பியை மாயம்மாள் தனியாகக் கவனித்தாள். சரியாக நின்றது.

முத்துச்சாமி கிரைண்டர் வயரைச் சுருட்டினார். சுருட்டியதை அவிழ்த்துத் திரும்பச் சுருட்டினார்.

"இது ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"வேற எந்தப் பூட்டுக்கும்…"

"டின்னைக் கொட்டிப் பாத்துக்கங்க."

அவர் டின்னைக் கொட்டவில்லை. அதன் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

"போன மாசங்கூட ஒட்டன்சத்திரத்துக்காரர் உண்டியல் பூட்டுக்கு வந்து உக்காந்து கேட்டாரு. இந்தா, இதே பெஞ்சுல. சாமி மேல கையடிச்சுச் சொன்னேன். மூணாவது சாவி என் பட்டறையில கிடையாதுன்னு."

"நீங்க பொய் சொல்லல. உங்களுக்குத் தெரியாது."

"நீ சொல்றே. ஊரு சொல்லுமா? ஒரு சாவி இருந்த வீட்டுல ஒம்பது சாவி இருக்கும்னுதான் சொல்லும்."

வாசிப்பு நின்றது. யாசின் கிட்டாரை மடியிலிருந்து இறக்கினார்.

"ஊருக்கு எதுக்குத் தெரியணும்? நான் சொல்றதைக் கேளு. அந்த டெம்போக்காரன் கோட்டுப் பையைத் தடவிப் பாத்துருக்கான். சாவி இருந்துருக்கு. பாவம், நல்லவன், தேடிக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டுப் போயிட்டான். ஷாஹினாகிட்டயும் இதைத்தான் சொல்லப்போறேன்."

"நம்புமா அந்தம்மா?"

"வாளி கெட்டி வாளின்னு நம்புனவ, இதை நம்ப மாட்டாளா?"

முத்துச்சாமி மீசையைத் தடவினார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் திரும்பியது.

"டெம்போக்காரன் எந்த ஊருன்னு கேட்டா?"

"வத்தலக்குண்டுன்னு வச்சுக்குவோம்."

"வத்தலக்குண்டு வேணாம். எனக்கு அங்க ஆளுக இருக்கு. நத்தம்னு சொல்லு."

"சரி, நத்தம்."

தீர்ந்தது. மாயம்மாள் உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் நத்தத்து டெம்போக்காரனுக்கு ஒரு பெயரும், ரெண்டு பெண்பிள்ளைகளும், நேர்மையான ஒரு முகமும் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் டம்ளர்களை வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து அரத்தை எடுத்தாள். சாவி கிட்டாரிலேயே இருந்தது. அதன் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

யாசின் காபியை ஊதிக் குடித்தார். மனசு லேசாகிவிட்டால் அவருக்குப் பேச்சு நிற்காது.

"ஞாயித்துக்கிழமை நீ வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வரணும் மாப்ளே. தங்கச்சியும் வரணும். வாசிச்சு முடிச்சதும் இசைவாணி உன்னைய மேடைக்குக் கூப்புடும், நான் சொல்லிவச்சுட்டேன். மைக்குல சொல்லி ஒரு பொன்னாடை போடுது. பதினோரு நாளு அந்தச் சாவியோட அலைஞ்சியே. நான் இங்க உக்காந்து மீட்டுவேன், நீ உள்ள போயி ஒரு தேய்ப்புத் தேய்ச்சுட்டு வருவே. அந்தக் காது லேசுப்பட்ட காதா? அதை நாலு பேரு தெரிஞ்சுக்க வேணாமா?"

முத்துச்சாமி டம்ளரைக் கீழே வைத்தார். மாயம்மாளின் பக்கம் திரும்ப வந்த பார்வை பாதியில் நின்று, கிரைண்டர் மேல் போய் உட்கார்ந்தது.

அவள் வைஸிலிருந்த சாவியின் மேல் அரத்தை ஒரு தடவை ஓட்டினாள். தூளை ஊதினாள்.

"ஏங்க, மைக்கை உங்க கையில குடுத்து, அந்தச் சாவியை ராவுனது யாருன்னு கேட்டா, நீங்க என்ன சொல்லுவீக?"